பட்டம் பெறாத வரலாற்றாசிரியர்: மயிலை சீனி. வேங்கடசாமி

தமிழில் வரலாற்றாசிரியர் என்னும் சொல் இருவரைக் குறிக்கும். பழைய சான்றுகளை ஆராய்ந்து வரலாறு எழுதுபவரையும் அவ்வாறே அழைக்கிறோம். உயர்நிலைப் பள்ளியில் மாணவர்க்கு வரலாற்றுப் பாடம் நடத்துபவரையும் அவ்வாறே அழைக்கிறோம். ஆங்கிலத்தில் இவ்விருவர்க்கும் தனித்தனிப் பெயர் உண்டு. நம் மொழி இருவரையும் ஒரு சொல்லுக்குள் அடக்கியிருப்பினும், நடைமுறையில் இவர்கள் உருவாகும் வழிகள் வேறு வேறாகவே இருந்து வந்துள்ளன. ஆராய்ச்சியாளர் பல்கலைக்கழகத்தில் உருவாகிறார். பள்ளி ஆசிரியர் பட்டப் படிப்பை முடித்தபின் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து, பாடக்குறிப்பு எழுதவும், காலக்கோடு வரையவும், நிலப்படத்தைச் சுட்டிப் பாடம் நடத்தவும் பழகி வெளிவருகிறார். முன்னவர் கண்டறிந்ததைப் பின்னவர் எடுத்துச் சொன்னால் போதும் என்பது இந்த ஏற்பாட்டின் அடியிலுள்ள எண்ணம்.

இவ்வெண்ணம் எத்துணைக் குறையுடையது என்பதை ஒருவருடைய வாழ்வைக் கொண்டே காட்டிவிடலாம். அவர் நம் பகுதியைச் சேர்ந்தவர். மயிலாப்பூரில் பிறந்து, மயிலாப்பூரிலேயே 25 ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் பெறாமல், தமிழகம் முழுமைக்கும் வரலாற்றாசிரியராய் விளங்கியவர். ஊர்ப் பெயரைத் தம் பெயரின் முன்னே தாங்கிய மயிலை சீனி. வேங்கடசாமி அவர்களே அவர். நொச்சிக்குப்பத்தில் கூடிவரும் நம் வட்டம் பத்தாண்டு நிறைவில் மலர் வெளியிடும் இவ்வேளையில், நம்மவராகிய இப்பெருமகனார் தம்மைத் தாமே எவ்வாறு பயிற்றிக்கொண்டார் என்று எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையது.

கடற்கரையும் கல்விச் சாலைகளும்

நொச்சிக்குப்பத்திலிருந்து கடலோரமாகவே வடக்கு நோக்கிச் சென்றால், கலங்கரை விளக்கத்தைக் கடந்தபின், 1914-இல் தொடங்கப்பெற்ற இராணி மேரிக் கல்லூரியைக் காணலாம். அதற்கும் அப்பால், ஐஸ் ஹவுஸ் என்று மக்கள் அழைத்துவந்த விவேகானந்தர் இல்லத்துக்கு அருகே, 1922-இல் தோன்றிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. இளமையிலேயே கணவரை இழந்த பெண்களுக்குக் கல்வியால் வாழ்வளித்த சகோதரி சுப்புலட்சுமி அதன் முதல் தலைவராக இருந்து பெண் ஆசிரியர்களை உருவாக்கினார். தென்மேற்கே சைதாப்பேட்டையில் இருப்பது, 1856-இல் அரசு நார்மல் பள்ளியாகத் தோன்றிய ஆசிரியர் கல்லூரி. தென்னிந்தியாவில் ஆசிரியப் பயிற்சிக்கு வழிகாட்டியாக விளங்கிய நிறுவனங்களுள் அது ஒன்று. வலங்கைமான் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் போன்றோர் பயின்ற இடம்.

அக்காலத்தில் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்க விரும்புபவர் பி.ஏ. பட்டத்தோடு எல்.டி. என்னும் பயிற்சிப் பட்டமும் பெறவேண்டும். அப்பட்டமே பின்னர் பி.டி. ஆகிப் பி.எட். ஆயிற்று. தொடக்கப் பள்ளி ஆசிரியரின் நிலை வேறு. சிறுவர்க்கு எழுத்தும் எண்ணும் கற்பிப்பதே அவர் கடமை. அவருடைய ஊதியமும் குறைவு. சமூகத்தில் அவருக்கிருந்த மதிப்பும் குறைவு. அவரிடமிருந்து வரலாற்று ஆராய்ச்சியை எவரும் எதிர்பார்த்ததில்லை. வேங்கடசாமியார் வாழ்ந்ததும் பணியாற்றியதும் இந்த நிலையில்தான் என்பதை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

தோற்றமும் இளமையும்

வேங்கடசாமியார் 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சீனிவாச நாயகர் சித்த மருத்துவர். தமையனார் கோவிந்தராசன் தமிழில் புலமை மிக்கவர்; தம்பிக்குத் தமிழார்வம் ஊட்டியவரும் அவரே. மருத்துவச் சுவடியும் செய்யுளும் வழங்கிய இல்லத்தில் வளர்ந்த சிறுவர்க்கு, பழைய எழுத்தின்மேல் பற்று உண்டானதில் வியப்பில்லை.

ஆயினும் அவர் முதலில் விரும்பியது ஓவியத்தை. 1920-ஆம் ஆண்டளவில் சென்னைக் கலைப் பள்ளியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். அப்படிப்பைத் தொடர இயலவில்லை. ஆனால் கோட்டையும் உருவத்தையும் கூர்ந்து நோக்கும் பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. பிற்காலத்தில் சிற்பத்தையும் குகைக் கோயிலையும் பற்றி அவர் எழுதும்போது, தூணின் அமைப்பையும் உருவத்தின் கை நிலையையும் ஒவ்வொன்றாகக் குறித்துச் செல்வதைக் காண்கிறோம். 1956-இல் வெளிவந்த ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’ என்னும் நூல், கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து, காவியம் என்று கலைகளை வகுத்துரைக்கிறது. கைவிட நேர்ந்த ஓவியக் கல்வி முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் வேறோர் உருவில் பயன்பட்டது என்றே அதைக் கொள்ளலாம்.

இதழ்களில் பெற்ற பயிற்சி

கலைப் பள்ளியை விட்டபின் அவர் இதழ்த் துறைக்கு வந்தார். நீதிக்கட்சி நடத்திய ‘திராவிடன்’ நாளேட்டில் ஆசிரியர் குழுவில் பணியாற்றினார். தொடர்ந்து ‘லக்ஷ்மி’ என்னும் இதழில் பலதுறைச் செய்திகளைத் தொகுத்துக் கட்டுரைகள் எழுதினார். நாளேட்டில் எழுதுபவர்க்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. கற்றவர் மட்டுமன்றிக் கடைத்தெருவில் இருப்பவரும் படித்தால் விளங்கவேண்டும்; நாளை ஒருவர் மறுத்தால் விடை சொல்லவேண்டும். வேங்கடசாமியாரின் உரைநடை இறுதிவரை எளிமையாகவும் நேராகவும் இருந்தமைக்கு இப்பயிற்சி ஒரு காரணம் என்று கருதலாம். பண்டிதர் பலர் நீண்ட வாக்கியங்களில் எழுதிய காலத்தில், அவர் ஒரு செய்தியை ஒரு வாக்கியத்தில் சொல்லி, அதற்குரிய சான்றை அடுத்த வாக்கியத்தில் வைத்தார்.

1930-இல் மயிலாப்பூர் நகராண்மைக் கழகப் பள்ளியில் தொடக்கநிலை ஆசிரியராகப் பணியேற்றார். மக்கள் வழக்கில் கார்ப்பரேஷன் பள்ளி எனப்படுவது அது. 1955-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், தமது ஐம்பத்தைந்தாம் பிறந்தநாளில், அப்பணியிலிருந்து ஓய்வு பெற்றார். இடைப்பட்ட 25 ஆண்டுகளும் பகல் முழுதும் பள்ளிக்கு உரியவை. ஆராய்ச்சிக்குக் கிடைத்தவை மாலையும் இரவும் விடுமுறை நாட்களுமே. திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தமையால் அவற்றை முழுமையாக ஆராய்ச்சிக்கு அளிக்க முடிந்தது. தொடக்கக் கல்வி பற்றிய அக்கறையால் ‘ஆரம்பாசிரியன்’ என்னும் இதழிலும் அவர் தொடர்ந்து எழுதினார் என்பது, பள்ளிப் பணியை வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் உரியதாக அவர் கருதவில்லை என்பதைக் காட்டும்.

கொள்கையும் சான்றும்

இக்காலத்தில் அவர் தன்மதிப்பு இயக்கத்தின்பால் ஈடுபாடு கொண்டிருந்தார். 1931, 1932-ஆம் ஆண்டுகளில் ‘குடியரசு’ இதழில் கட்டுரைகள் எழுதினார். சமய நிறுவனங்களைக் கடுமையாக வினவிய இயக்கம் அது. அதன் சார்புடைய ஒருவர் சமயங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தால் என்ன எழுதுவார் என்று எவரும் எளிதில் ஊகித்துவிடக் கூடும். அவர் எழுதியதோ அந்த ஊகத்துக்கு மாறானது.

கிறித்தவர் தமிழுக்கு ஆற்றிய தொண்டைப் பற்றிய சொற்பொழிவு ஒன்றைக் கேட்டதிலிருந்து எழுந்த தூண்டுதலால், 1936-இல் ‘கிறித்தவமும் தமிழும்’ என்னும் தம் முதல் நூலை வெளியிட்டார். தமிழ் அச்சின் தொடக்கம், உரைநடையின் வளர்ச்சி, அகராதிப் பணி, ஐரோப்பியத் தமிழறிஞர்களின் வரலாறு ஆகியவை அந்நூலில் இடம்பெற்றன. 1940-இல் ‘பௌத்தமும் தமிழும்’ வெளிவந்தது. 1954-இல் ‘சமணமும் தமிழும்’ வெளிவந்தது. பிறப்பால் அவர் கிறித்தவரோ பௌத்தரோ சமணரோ அல்லர். தம் கொள்கைக்கு ஆதரவு தேடி அந்நூல்களை எழுதினார் என்றும் சொல்ல முடியாது. தமிழ் இலக்கிய வரலாறு சைவ, வைணவ நூல்களைச் சுற்றியே பெரிதும் பேசப்பட்ட நாளில், விடுபட்டுப் போனவர்களின் பங்கைச் சான்றுகளோடு கணக்கெடுத்து எழுதவேண்டும் என்பதே அவர் நோக்கம்.

வரலாறு கற்பிக்க வருபவர் அடையவேண்டிய முதற் பயிற்சி இதுவே என்று தோன்றுகிறது. ஆசிரியர்க்குக் கொள்கை இருக்கலாம்; இருக்கவும் வேண்டும். வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைகள் பல சமயத்தவர், பல குலத்தவர். தம் முன்னோர்க்கு வரலாற்றில் இடம் உண்டா என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆயினும் அந்தக் கேள்வி வகுப்பில் இருக்கிறது. தமக்கு உரியதல்லாத ஒன்றைப் பற்றியும் நேர்மையாகப் பேசக் கற்றவரே அதற்கு விடை சொல்ல வல்லவர். வேங்கடசாமியார் அதை எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நூல்களை எழுதியே கற்றார்.

பண்டிதர் ச. த. சற்குணர், விபுலானந்த அடிகள், தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் ஆகியோருடன் அவர்க்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. ஒருவர் கிறித்தவத் தமிழறிஞர். ஒருவர் ஈழத்திலிருந்து வந்த இராமகிருஷ்ண மடத்துத் துறவி. ஒருவர் பல்கலைக்கழகப் பேராசிரியர். பள்ளி ஆசிரியர் ஒருவர்க்கு வாய்த்த பல்கலைக்கழகம் இந்த நட்பு வட்டமே எனலாம். இலக்கிய வட்டம் நடத்துகின்ற நாம் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

எழுத்தறிவும் ஊர்ப்பயணமும்

வரலாற்றுக்கு வேண்டிய சான்றுகளிற் பெரும்பகுதி கல்வெட்டிலும் செப்பேட்டிலும் இருந்தது. அவற்றின் படிகளும் ஆண்டறிக்கைகளும் ஆங்கிலத்தில் வெளிவந்தன. தமிழ் மட்டும் கற்றவர்க்கு அவை எட்டா. ஆங்கிலம் மட்டும் கற்றவர்க்கு அவற்றோடு தொடர்புடைய தமிழ் நூல்கள் எட்டா. இவ்விடைவெளியை நிரப்ப வேங்கடசாமியார் தாமே முயன்றார். வட்டெழுத்து, கிரந்தம், பிராமி ஆகிய எழுத்துகளைப் படிக்கப் பழகினார். மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளிலும் அறிவு பெற்றார். விடுமுறை நாட்களில் கோயில்களுக்கும் குகைகளுக்கும் சென்று நேரில் கண்டார். நூலகத்தில் படித்ததைக் களத்தில் ஒப்பிட்டார்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கும், அண்மையிலிருந்து சேய்மைக்கும் மாணவரை அழைத்துச் செல்லவேண்டும் என்பது பயிற்சிக் கல்லூரிகளில் மனப்பாடமாகச் சொல்லப்படும் விதி. வேங்கடசாமியாரிடத்தில் அவ்விதி செயலாகியிருப்பதை ‘மயிலை நேமிநாதர் பதிகம்’ என்னும் 1955-ஆம் ஆண்டுப் பதிப்பில் காணலாம். மயிலாப்பூர் என்றவுடன் கபாலீசுவரர் கோயிலும் சாந்தோம் தேவாலயமும் எவர்க்கும் நினைவுக்கு வரும். அதே கடற்கரையில் ஒருகாலத்தில் சமணர்க்கும் ஒரு கோயில் இருந்தது. இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாதர் அங்கு எழுந்தருளியிருந்தார். குணவீர பண்டிதர் தாம் இயற்றிய இலக்கண நூலுக்கு ‘நேமிநாதம்’ என்று பெயரிட்டது இவ்விறைவர் பெயரால்தான். அவிரோதிநாதர் பாடிய ‘திருநூற்றந்தாதி’யும் மயிலை நேமிநாதரைப் போற்றுவதே. சாந்தோமில் கிடைத்த துண்டுக் கல்வெட்டு ஒன்று நேமிநாத சுவாமிக்கு அளித்த கொடையைக் குறிக்கிறது. கடல் ஊர்ந்து வருவது கண்டு திருவுருவத்தை விழுப்புரம் மாவட்டத்துச் சித்தாமூருக்குக் கொண்டு சென்றனர் என்பது சமணரிடையே வழங்கும் செய்தி.

இச்செய்தியைத் தனித்து நோக்கினால் ஊர்ப் புராணம் போல் தோன்றும். வேங்கடசாமியார் கல்வெட்டையும் இலக்கணத்தையும் அந்தாதியையும் வழக்கையும் அருகருகே வைத்தார். கபாலீசுவரர் கோயிலும் பழங்காலத்தில் கடலை அடுத்தே இருந்தது என்பதற்கும் சான்றுகள் உண்டு. திருஞானசம்பந்தர் தம் பூம்பாவைப் பதிகத்தில் மயிலையின் விழாக்களை வரிசைப்படுத்தும்போது மாசி மாதக் கடலாட்டையும் குறிக்கிறார். அருணகிரிநாதரும் அக்கோயிலைக் கடலோரத்ததாகப் பாடுகிறார். போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்த அக்கோயில் பின்னர் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது. கிரேக்க நிலநூலாராகிய தாலமி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் குறிப்பிடும் துறைமுகங்களுள் ஒன்று மயிலை என்று அறிஞர் கொள்வர். ஆக, நாம் நின்று வலை காய்வதைப் பார்க்கும் இக்கரையில் சைவரும் சமணரும் கிறித்தவரும் கடல்வணிகரும் வாழ்ந்திருக்கின்றனர். இப்பகுதிப் பள்ளியில் வரலாறு நடத்தும் ஆசிரியர் பாடநூலைத் திறக்குமுன் இதைச் சொன்னால், குப்பத்துக் குழந்தைக்கு வரலாறு என்பது தில்லியிலும் இலண்டனிலும் மட்டும் நடந்தது என்னும் எண்ணம் எழாது.

பல்லவர் வரலாறு

ஓய்வு பெற்ற ஆண்டிலும் அதனை அடுத்தும் மூன்று பல்லவ வேந்தரைப் பற்றிய நூல்கள் வெளிவந்தன. ‘மகேந்திரவர்மன்’ 1955-இலும், ‘வாதாபி கொண்ட நரசிம்மவர்மன்’ 1957-இலும், ‘மூன்றாம் நந்திவர்மன்’ 1958-இலும் வந்தன. மகேந்திரன் வடமொழியில் இயற்றிய ‘மத்தவிலாசம்’ என்னும் நகைச்சுவை நாடகத்தை அவர் 1950-இலேயே தமிழில் தந்திருந்தார். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி மண்டகப்பட்டுக் குகைக் கோயிலை அமைத்ததாக அவ்வேந்தன் கல்வெட்டிற் கூறுவதும், அவன் எழுதிய நாடகமும், அவன் காலத்துச் சமயப் பூசலும் ஒரே நூலில் இணைந்து வரும்போது, அரசன் பெயரும் ஆட்சியாண்டும் மட்டுமே கொண்ட பட்டியல் மறைந்து ஒரு காலம் கண்முன் நிற்கிறது. மூன்றாம் நந்திவர்மனோ ‘நந்திக்கலம்பக’த்தின் தலைவன், மயிலையோடு சார்த்திப் பாடப்பெற்றவன்.

அவர் கருத்துகள் அனைத்தையும் ஆராய்ச்சியுலகம் ஏற்றது என்று சொல்வது உண்மையாகாது. மாமல்லபுரத்தில் அருச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் கூறப்படும் பெருஞ்சிற்பத்தை, சமணரின் அஜிதநாதர் புராணத்தில் வரும் சகர மன்னனின் மக்கள் கதையாக அவர் விளக்கினார். 1950-இல் தனி நூலாகவே அதை வெளியிட்டார். கலை வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. ஆயினும் எந்த உருவத்தை எக்காரணத்தால் எவ்வாறு பொருள்கொண்டார் என்று படிப்படியாக எழுதி வைத்தமையால், அவரை மறுப்பவரும் அதே படிகளில் ஏறி மறுக்க முடிகிறது. தம் முடிவை மறுப்பதற்குரிய வழியையும் திறந்து வைத்தல் ஆசிரியர்க்குரிய நேர்மை. விடையை மட்டும் சொல்லிக் கொடுப்பவரிடம் அந்நேர்மையை எதிர்பார்க்க இயலாது.

கவிஞர்க்கு அவர் தந்தவை

நம் வட்டத்தில் கவிஞர் பலர் உள்ளமையால் இரு நூல்களைச் சிறப்பாகக் கூற விரும்புகிறேன். இரண்டும் 1959-இல் வெளிவந்தவை. ஒன்று ‘சாசனச் செய்யுள் மஞ்சரி’. கல்வெட்டு என்றால் நிலத்தின் எல்லையும் நெல்லின் அளவும் கூறும் உரைநடை என்றே பலர் எண்ணுகின்றனர். வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் விருத்தமும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சிதம்பரத்திலும் திருவதிகையிலும் நரலோகவீரன் செய்த திருப்பணிகளை வெண்பாக்கள் பாடுகின்றன. சித்தன்னவாசல் குகையைப் புதுக்கியவரைப் பாடும் செய்யுள் அக்குகையிலேயே இருக்கிறது. ஏட்டில் ஏறாமல் கல்லிலேயே நின்றுவிட்ட இத்தகைய பாக்களைத் தமிழிலக்கியத்தின் பகுதியாக எண்ணித் தொகுத்தவர் வேங்கடசாமியார்.

மற்றொன்று ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’. யாப்பருங்கல விருத்தியுரையிலும், அடியார்க்கு நல்லார், நச்சினார்க்கினியர் முதலியோர் உரைகளிலும், புறத்திரட்டிலும் பெயர் மட்டுமாகவோ சில பாடல்களாகவோ எஞ்சி நிற்கும் நூல்களை அவர் திரட்டினார். தகடூர் யாத்திரை, குண்டலகேசி, வளையாபதி, பிம்பிசாரக் கதை, சாந்தி புராணம், நாரத சரிதை என அப்பட்டியல் நீள்கிறது. இசைத் தமிழ் நூல்களும் நாடகத் தமிழ் நூல்களும் அதில் உண்டு. ஒருமொழியில் இருப்பவற்றைப் பட்டியலிடுதல் எளிது. இழந்தவற்றைப் பட்டியலிடப் பல்லாண்டுப் படிப்பு வேண்டும். மனத்துயரையும் அடக்கிக்கொள்ள வேண்டும். நாம் எழுதும் கவிதைக்கு முன்னே எத்தனை கவிதைகள் அழிந்துபோயின என்பதை அறிந்த கவிஞர்க்குத் தம் எழுத்தின்பால் அடக்கமும், பிறர் எழுத்தைக் காக்கவேண்டும் என்னும் பொறுப்பும் உண்டாகும்.

அண்மைக் காலத்தையும் அவர் விடவில்லை. 1962-இல் வெளிவந்த ‘பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்’, அச்சுநூல்களும் இதழ்களும் உரைநடையும் பெருகிய காலத்தைப் பதிவு செய்கிறது. பழமையைப் போற்றியவர்கள் பொருட்படுத்தாத அந்நூற்றாண்டு, இன்று ஆய்வு மாணவர் பலர் நாடும் களமாகியிருக்கிறது.

இருண்ட காலம் என்னும் பெயர்

அவர் எழுதியவற்றுள் பள்ளி வகுப்பறையை நேரடியாகத் தொடும் நூல், 1976-இல் எழுபத்தைந்து வயதைக் கடந்தபின் வெளியிட்ட ‘களப்பிரர் ஆட்சியில் தமிழகம்’. சங்க காலத்துக்கும் பல்லவர் காலத்துக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 300 ஆண்டுகளை வரலாற்று நூல்கள் இருண்ட காலம் என்று குறித்து வந்தன. களப்பிரரைப் பற்றிக் கிடைத்த முதன்மையான செய்தி, அவர்களை வென்ற பாண்டியர் மரபினரின் வேள்விக்குடிச் செப்பேட்டிலிருந்து வந்தது. முதுகுடுமிப் பெருவழுதி அளித்த பிரமதேயத்தைக் களப்பிர வேந்தன் பறித்தான் என்பதும், பின்வந்த பாண்டியன் அதை மீட்டளித்தான் என்பதும் அச்செப்பேட்டுச் செய்தி. வென்றவர் எழுதிய ஆவணத்தைக் கொண்டு தோற்றவரின் காலம் முழுமைக்கும் இருள் என்று பெயரிட்டது முறைதானா என்பதே வேங்கடசாமியாரின் வினா.

அந்த வினாவுக்கு அவர் இலக்கியத்திலிருந்து விடை தேடினார். அக்காலத்தில் சமணமும் பௌத்தமும் ஓங்கியிருந்தன. கி.பி. 470-ஐ ஒட்டி வச்சிரநந்தி மதுரையில் திரமிள சங்கம் நிறுவினார் என்று சமண நூல் கூறுகிறது. நீதிநூல்கள் பல தோன்றின. ஆசிரியமும் வெண்பாவும் கலியும் வஞ்சியும் ஆகிய பழைய பாக்களோடு, தாழிசை, துறை, விருத்தம் என்னும் பாவினங்கள் வளர்ந்தன. பின்னாளில் தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் சிந்தாமணியும் கம்பராமாயணமும் பெற்ற யாப்பு வளத்துக்கு விதை விழுந்த காலத்தை இருண்டது என்று எவ்வாறு சொல்வது? யாப்பறிந்த கவிஞர் இவ்வினாவின் கூர்மையை நன்கு உணர்வர்.

அவர் நூல் வெளிவந்தபின், 1979-இல் சிவகங்கைச் சீமையைச் சார்ந்த பூலாங்குறிச்சியில் பெரிய கல்வெட்டுகள் அறியவந்தன. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டளவில் வைக்கப்படும் அக்கல்வெட்டுகள் சேந்தன் கூற்றன் என்னும் அரசனைக் குறிக்கின்றன. கோயில்களையும் நிலவுரிமையையும் ஆட்சி அமைப்பையும் பற்றிப் பேசுகின்றன. அவ்வரசன் களப்பிரனா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அக்காலத்தில் ஒழுங்குற்ற ஆட்சி இருந்தது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. வேங்கடசாமியாரின் முடிவுகளிற் சில மாறலாம். சான்று கிடைக்காத காலத்தைத் தீய காலம் என்று சொல்லிவிடக் கூடாது என்னும் அவர் எச்சரிக்கை மாறாது. மூன்று நூற்றாண்டுகளை ஒரே வரியில் தாண்டிச் செல்லும் ஆசிரியர், அங்கு வாழ்ந்த மக்களையும் தாண்டிச் செல்கிறார் என்பதை அந்நூல் உணர்த்துகிறது.

இறுதிக் காலமும் பெருமையும்

ஓய்வுக்குப் பின்வந்த இருபத்தைந்து ஆண்டுகள் அவர் மிகுதியாக எழுதிய காலம். ‘துளு நாட்டு வரலாறு’ 1966-இலும், ‘கொங்கு நாட்டு வரலாறு’, ‘பழங்காலத் தமிழர் வாணிகம்’ ஆகியவை 1974-இலும் வெளிவந்தன. மயிலைக் கடற்கரையில் தொடங்கிய தேடல் மேலைக் கடற்கரை வரை சென்றது. 1961-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர்க்கு மணிவிழா எடுத்து மலர் வெளியிட்டனர். பாவேந்தர் பாரதிதாசன் அவரைப் பாடிப் போற்றியிருக்கிறார். 1975 முதல் 1979 வரை தமிழ்நாட்டு வரலாற்றுக் குழுவில் உறுப்பினராக இருந்தார். பட்டம் பெறாத தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர், பேராசிரியர்களோடு அமர்ந்து தமிழ்நாட்டு வரலாற்றின் இயல்களை எழுதினார். மதுரைப் பல்கலைக்கழகம் வழங்கிய தமிழ்ப் பேரவைச் செம்மல் என்னும் சிறப்பு 1980-இல், வாழ்வின் கடைசி ஆண்டில்தான் அவரை வந்தடைந்தது.

1980-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். சங்ககாலத்துப் பிராமிக் கல்வெட்டெழுத்துகள் பற்றிய அவர் நூல் மறைவுக்குப் பின்னரே, 1981-இல் வெளிவந்தது. நூற்றாண்டையொட்டி அவர் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. பின்னர் ஆய்வுக் களஞ்சியம் என்னும் பெயரில் இருபது தொகுதிகளாகவும் வெளிவந்துள்ளன. ஆதலால் அவரைப் படிக்க விரும்புவோர்க்கு இன்று நூல் கிடைக்கவில்லை என்னும் தடை இல்லை.

நாம் செய்யத்தக்கது

2015 முதல் பி.எட். பயிற்சி இரண்டாண்டுப் படிப்பாக இருந்து வருகிறது. கற்பிக்கும் முறையும் உளவியலும் அதில் உண்டு. அவை தேவையானவையே. வேங்கடசாமியாரின் வாழ்வு அவற்றோடு சேர்க்கவேண்டிய சிலவற்றைக் காட்டுகிறது. தம் ஊரின் கல்வெட்டு ஒன்றையேனும் நேரில் சென்று படித்திருத்தல். தமக்கு உரியதல்லாத சமயத்தையும் மரபையும் நேர்மையாகக் கற்றல். சான்று எது, ஊகம் எது என்று மாணவர்க்குப் பிரித்துக் காட்டுதல். இழந்தவற்றையும் கணக்கில் கொள்ளுதல் ஆகியவை அவை. இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மாலைப் பொழுதும் விடுமுறையும் இருந்த ஒருவர் இவையனைத்தையும் செய்து காட்டியிருக்கிறார்.

நம் வட்டத்தில் ஆசிரியர் உளர், ஆசிரியராகப் பயில்வோர் உளர், கவிஞர் உளர். அடுத்த பத்தாண்டுகளில் நம் கூட்டங்களிற் சிலவற்றையேனும் மயிலைக் கடற்கரையின் வரலாற்றுக்கு ஒதுக்கலாம். மயிலையைப் பாடிய செய்யுள்களையும், சாந்தோமிலும் மயிலாப்பூரிலும் கிடைத்த கல்வெட்டுச் செய்திகளையும், குப்பத்து முதியோர் நினைவில் நிற்கும் கடல்வழக்குகளையும் பாடல்களையும் தொகுத்து, நம் பகுதிப் பள்ளிகளுக்கு ஒரு சிறுநூலாக வழங்கலாம். மயிலை என்னும் சொல்லைத் தம் பெயரோடு சேர்த்தே உலகுக்கு அறிவித்த பெரியார்க்கு, அவர் ஊரினர் செலுத்தத்தக்க நன்றி அதுவாகும்.